முதலில் அளவு, பிறகு ரகம்: இரண்டு முறை அரிசியை மாற்றியும் சர்க்கரை இறங்காத ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நீரிழிவுக்கு உணவு ஆலோசனை கேட்டு வரும் தமிழர்கள் முதலில் கேட்பது "எந்த அரிசி சாப்பிடலாம்?" என்பதைத்தான். "எவ்வளவு சாப்பிடலாம்?" என்று முதலில் கேட்பவர்கள் குறைவு. கேள்வி இடம் மாறிப் போவதால் ஓராண்டு, இரண்டாண்டு வீணாகிறது. அப்படி வீணான ஓராண்டையும் அது சரியான விதத்தையும் இந்த நிகழ்வு காட்டுகிறது. இது ஒரே மனிதருடைய கோப்பிலிருந்து எடுத்ததன்று. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காணும் நிலைமைகளைச் சேர்த்து, கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு. அளவீடுகளும் அப்படியே அமைத்தவை.

பின்னணி

56 வயது ஆண். ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனைவி, வேலைக்குச் செல்லும் மகனுடன் வசிக்கிறார். சேமிப்புக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. இனிப்பு நீர் வந்து 9 ஆண்டுகள். மெட்ஃபார்மின் 1 கிராம் காலையும் மாலையும், கிளிப்பிசைட் 10 மில்லிகிராம் காலையும் மாலையும். சிறுநீரகமும் கண்ணும் இதுவரை நன்றாக இருக்கின்றன. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 விழுக்காடு, ஓராண்டுக்கு முன்பு 8.1.

இந்த ஓராண்டில் அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டில் காலங்காலமாக இருந்த தாய்லாந்து மல்லிகை அரிசியை விட்டு பாஸ்மதிக்கு மாறினார். அதுவும் போதாது என்று பழுப்பரிசிக்கு மாறினார். விலை கூடியது, மகன் முகம் சுளித்தார், அளவீடு ஏறியது. "இதற்கு மேல் எதை மாற்றுவது?" என்ற மனச்சோர்வோடுதான் பலதுறை மருந்தகத்துக்கு வந்தார். அந்தச் சோர்வு நியாயமானது. சொன்னதைச் செய்தவர் அவர், சொல்லப்பட்டதுதான் பாதி.

இங்கே ரத்தச் சர்க்கரை அளவுகள் எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. தமிழ்நாட்டு உறவினர்களோடு ஒப்பிட விரும்புபவர்கள் 18ஆல் பெருக்கி டெசிலிட்டருக்கு மில்லிகிராமாக மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலானோருக்கு இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 10க்குக் கீழ், எச்பிஏ1சி 7 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ். முதியவர்களுக்கும் வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார்.

சோறு போன வழி

"ஒரு தட்டு சோறுதான்" என்பது அவர் சொன்ன கணக்கு. தட்டைத் தராசில் வைத்தபோதுதான் விவரம் தெரிந்தது. இரவுக்கு மூன்று பேருக்கு ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் 2 கப் அரிசி வைப்பார்கள். அந்தக் கப் 180 மில்லி. அதில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். 300 கிராம் பழுப்பரிசி, தண்ணீர் தாராளமாக விட்டுக் குழைய வேகவைத்ததில் 900 கிராம் சோறானது. மகனுக்கு 350, மனைவிக்கு 200, இவருக்கு 350 கிராம். இவர் பங்கில் மாவுச்சத்து 90 கிராமை நெருங்கியது. மதியம் அடுக்குப்பாத்திரத்தின் அடித்தட்டில் அமுக்கி வைத்த சோறு 320 கிராம். காலையில் தோசை மூன்று, கூடவே தே தாரிக். நாலு மணிக்கு இன்னொரு தே. ஒவ்வொரு தேயிலும் விடும் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால், அதாவது 40 கிராம், சுமார் 22 கிராம் மாவுச்சத்து தரும். முழுவதும் கூட்டினால் நாளொன்றுக்கு 300 கிராமைத் தொட்டது.

350 கிராம் எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் சோறு ஒரே தடவையில் தட்டுக்கு வருவதில்லை. சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் போடுவதுபோல் இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அரிசியை மாற்றிய பிறகு இது இன்னும் கூடியது. "என்னங்க, இது நல்ல அரிசிதானே, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று மனைவி அன்போடு வைத்த ஒரு கரண்டி, மல்லிகை அரிசிக் காலத்தில் இருந்ததில்லை.

ரகமும் அளவும் சேர்ந்த கணக்கு

கிளைசீமிக் குறியீடு என்பது, 50 கிராம் மாவுச்சத்து உள்ள அளவு உணவைச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதைக் குளுக்கோஸோடு ஒப்பிடும் எண். எல்லா அரிசிக்கும் ஒரே அளவு மாவுச்சத்தை வைத்துத்தான் அது அளக்கப்படுகிறது. தட்டில் எவ்வளவு விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. அதைச் சேர்ப்பதற்குத்தான் கிளைசீமிக் பளு என்ற கணக்கு: குறியீட்டை மாவுச்சத்துக் கிராமால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும்.

சாதாரணப் பதத்தில் வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. பாஸ்மதிக்குக் குறியீடு 58 என்று கொள்வோம். 350 கிராம் பாஸ்மதிச் சோற்றில் 98 கிராம் மாவுச்சத்து, பளு 57. சென்னையின் மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அளந்ததில் பொன்னிக்குக் குறியீடு 70ஐ ஒட்டி வந்தது. 150 கிராம் பொன்னிச் சோற்றில் 42 கிராம் மாவுச்சத்து, பளு 29. "நல்ல" அரிசியை நிறையச் சாப்பிட்டவருக்கு, "சுமாரான" அரிசியை அளந்து சாப்பிட்டவரைவிட ஏறக்குறைய இருமடங்கு பளு. இவருடைய ஓராண்டுக் கதை இந்த இரண்டு வரிக் கணக்குக்குள் இருக்கிறது.

வீட்டில் செய்த சோதனை

சொன்னதை நம்ப வைப்பதைவிட அவருடைய விரல் நுனியே சொல்லட்டும் என்று இரவுச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இணைச் சோதனை செய்யப்பட்டது. முதல் கவளத்துக்கு முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒன்று. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். கையைச் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டே குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் பழத்திலுள்ள சர்க்கரையும் சேர்ந்து காட்டும். குழம்பு, காய், மீன், சாப்பிடும் நேரம் எல்லாம் ஒரேமாதிரி வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு இரவு.

பழுப்பரிசி 350 கிராம்: 7.9இலிருந்து 13.8. ஏற்றம் 5.9. அடுத்து, புழுங்கல் பொன்னி 150 கிராம்: 7.6இலிருந்து 10.9. ஏற்றம் 3.3. பிறகு அதே 150 கிராமில் ரகத்தை மட்டும் மாற்றியபோது மல்லிகை அரிசி 4.1, பாஸ்மதி 2.8, பழுப்பரிசி 2.7 என்று ஏற்றம் வந்தது.

இந்த எண்களைப் படிப்பதில் நிதானம் வேண்டும். வீட்டுச் சர்க்கரைமானி 15 விழுக்காடு வரை முன்பின் காட்டினாலும் அது ஏற்கப்பட்ட தரத்துக்குள்தான். 11 என்று காட்டினால் உண்மையில் 9.5ஆகவும் இருக்கலாம், 12.5ஆகவும் இருக்கலாம். ஆகவே பொன்னிக்கும் பாஸ்மதிக்கும் இடையில் வந்த 0.5 வேறுபாட்டை நம்பி 10 கிலோ மூட்டை வாங்குவது சரியில்லை. பழுப்பரிசியின் அளவை மட்டும் 350இலிருந்து 150 கிராமாகக் குறைத்ததால் கிடைத்த 3.2 மறுஇரவும் அப்படியே வந்தது. மல்லிகை அரிசி மற்றவற்றைவிட அதிகம் ஏற்றியதும் எதிர்பார்த்ததே: மாவுச்சத்தின் இரு வகைகளில், மெதுவாகச் செரிக்கும் அமைலோஸ் அதில் குறைவு, எளிதில் செரிக்கும் அமைலோபெக்டின் அதிகம். சோறு மென்மையாக, ஒட்டிக்கொண்டு வருவதற்கும் வேகமாகச் செரிப்பதற்கும் காரணம் அதுவே.

இன்னொரு சோதனை எளிமையானது, பலனோ பெரிது. பாஸ்மதி 150 கிராம், அதே குழம்பு. ஆனால் முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் சோறு. ஏற்றம் 2.8இலிருந்து 2.0ஆனது. சாப்பிட்ட பிறகு வீட்டுக்குக் கீழே 15 நிமிடம் நடந்த இரவில் அது இன்னும் இறங்கியது. செலவில்லாத வழிகள் இவை. அரிசி மூட்டையை மாற்றுவதற்கு முன்பே சொல்லப்பட வேண்டியவை.

150 கிராமை மூன்றாகப் பிரிப்பது

தராசு வாழ்நாள் முழுக்கத் தேவையில்லை. இரண்டு வாரம் போதும். தட்டை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு சோற்றை இடவேண்டும். அந்த வீட்டுச் சோற்றுக் கரண்டியில் விளிம்போடு நிரவினால் 50 கிராம். குவித்து எடுத்தால் 85. மூன்று கரண்டி என்பது ஒருவர் கையில் 150, இன்னொருவர் கையில் 255. "மூன்று கரண்டி சாப்பிடுங்கள்" என்ற அறிவுரை பலிக்காமல் போவது இதனால்தான். நிரவிய கரண்டி என்று சொல்ல வேண்டும். யார் பரிமாறுகிறாரோ அவரிடமும் சொல்ல வேண்டும்.

சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. மூன்றையும் சாப்பிட உட்காரும்போதே தட்டில் தனித்தனியாக வைத்துவிட்டு, குக்கரை மேசையிலிருந்து எடுத்துவிடுவது. மூன்று சுற்றுச் சாப்பாடு அப்படியே இருக்கிறது. அவர் இழந்தது ரசம் அல்ல, இரண்டாம் கரண்டி மட்டுமே. ரசச் சோற்றைக் கூழாகப் பிசைய வேண்டாம் என்பதும் சொல்லப்பட்டது. பருக்கை உடைந்து குழைந்தால் மாவுச்சத்து விரைவாகச் செரிக்கும்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'மை ஹெல்தி பிளேட்' காட்டும் படிதான் இதற்கும் சட்டகம்: தட்டில் கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம், பாதி காய்கனி. காய் என்றால் வாழைக்காய் வறுவலும் உருளைக்கிழங்கு மசாலாவும் இல்லை. அவை சோற்றோடு சேரும். பயற்றங்காய், கங்கோங் கீரை, முட்டைக்கோஸ், கத்தரிக்காய், சுரைக்காய் போன்றவை வெந்து 200 கிராம். கெட்டியான பருப்பில் மாவுச்சத்து உண்டு, ஆனால் மெதுவாக இறங்கும், புரதமும் தரும். காயும் பருப்பும் சேர்த்து 15 கிராம் என்றால் ஒரு வேளைக்கு மொத்தம் 57 கிராம் மாவுச்சத்து. இவர் உடலுக்கும் வேலைக்கும் வகுத்த 45 முதல் 60 கிராம் என்ற வரம்புக்குள் அது அடங்குகிறது. சிறிய உடலமைப்புள்ள மனைவிக்கு 100 கிராம் சோறே போதும்.

முதல் வாரம் சறுக்கியது பசியில். ஒன்பது மணிக்கு அளந்து சாப்பிட்டவர் பதினொரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ஒரு நாள் கீழே இறங்கி இரண்டு பிராட்டாவே சாப்பிட்டுவிட்டார். காரணம் மன உறுதிக் குறைவன்று. சோறு பாதியான தட்டில் வேறெதுவும் கூட்டப்படவில்லை. ஒரு துண்டு மீன் இரண்டாகி 120 கிராமானது. மீன் இல்லாத நாள்களில் இரண்டு முட்டை அல்லது ஒரு முழுத் தவ்குவா (கெட்டிச் சோயாக் கட்டி) சேர்ந்தது. பிஸ்கட் டப்பா தானாகவே மூடிக்கொண்டது.

பத்தாம் நாள் நடந்தது

இரவில் கிடைத்த பலனைப் பார்த்து, யாரிடமும் கேட்காமல் மதியச் சோற்றையும் 320இலிருந்து 100 கிராமாக்கினார். மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கிடங்கில் கை நடுங்கி, வியர்த்து, பார்வை மங்கியது. அளவு 3.4.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிதாகவே நேரும். கிளிப்பிசைட் வேறு வகை: சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அந்த மாத்திரையின் அளவு 320 கிராம் சோற்றுக்கு ஏற்ப ஏறியிருந்தது. சோறு மட்டும் இறங்கி மாத்திரை இறங்காதபோது சர்க்கரை கீழே போவதைத் தவிர வேறு வழியில்லை. கிளிப்பிசைட், கிளிகிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் வேறோர் ஆபத்து உண்டு: சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடலாம்.

4க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை; 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பார்ப்பது. சிங்கப்பூரில் இப்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. "அரை டின் குளிர்பானம் குடி" என்ற பழைய அறிவுரையை அவரும் பின்பற்றினார். 15 நிமிடம் கழித்து 3.7தான். 2022 டிசம்பர் 30 முதல் பாட்டில், டின் பானங்களுக்கு, சர்க்கரை, நிறைகொழுப்பு அளவுப்படி ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்தது. 'பி' தரத்துக்குள் இருக்க 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டக் கூடாது. 'பி' பானம் 160 மில்லி குடித்தால் அதிகபட்சம் 8 கிராம்தான் உள்ளே போகும். சர்க்கரையில்லாத வகையில் ஒன்றுமே இல்லை. ஆகவே டின்னின் பின்புறம் எழுதியிருப்பதைப் படித்து 15 கிராமுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை இருந்தால் இன்னும் நல்லது. சாக்லெட்டும் பிராட்டாவும் இதற்கு உதவா. கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

மறுநாளே மருத்துவர் கிளிப்பிசைட்டைப் பாதியாக்கினார். மதியச் சோறு 150 கிராம் என்று நிலைநிறுத்தப்பட்டது. வேலை நாளில் நடையும் தூக்கலும் அதிகம் என்பதால் அதற்குக் கீழே போகத் தேவையில்லை.

இனி ரகம்

அளவு பிடிபட்ட பிறகு ரகத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளுண்டு. அந்த வீட்டில் மூவரும் மனமொப்பிச் சாப்பிட்டது பாஸ்மதியும் புழுங்கல் பொன்னியும். நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது மாவுச்சத்து ஒருமுறை இளகி மீண்டும் இறுகுகிறது. தவிட்டிலுள்ள தயமின் (வைட்டமின் பி1) கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. அதே ரகத்தில் பச்சரிசியைவிடப் புழுங்கல் நல்ல தேர்வாவது இதனால். பழுப்பரிசியில் நார்ச்சத்தும் மக்னீசியமும் கூடுதல். பிடித்தவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் அதிலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் குறித்து முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, கவுனி, குதிரைவாலி எதுவானாலும் சமைக்காத 100 கிராமில் 65 முதல் 78 கிராம் வரை மாவுச்சத்துதான். அவற்றுக்கும் தராசு உண்டு. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் சோற்றைவிட வேகமாகவும் ஏற்றலாம்.

சமைக்கும் விதம் ரகத்தின் நன்மையைக் கெடுத்துவிடும். இவர் வீட்டுப் பழுப்பரிசி அரிசிக்கு இரண்டரை மடங்கு தண்ணீரில் குழைந்தது. ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மடங்கு தண்ணீரில் வைத்தால் பருக்கை தனித்தனியாக நிற்கும். பாஸ்மதியை அரை மணி நேரம் ஊறவைத்து ஒன்றரை மடங்கு. பொன்னிக்கு இரண்டரை, மூட்டைக்கு மூட்டை சற்று மாறும். கஞ்சியை வடிப்பதால் மாவுச்சத்து கொஞ்சம் போகும். அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளும் அளவுக்குப் போகாது.

ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும் என்பது உண்மை, பலன் சிறியது. ஆனால் 150 கிராம் டப்பாக்களில் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கும் பழக்கம் வேறொரு வகையில் பெரிதும் உதவியது: அளவு முதல் நாளே முடிவாகிவிடுகிறது. சமைத்த ஒரு மணி நேரத்துக்குள் பிரித்து, 5 டிகிரிக்குக் கீழே வைத்து, மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இரவு முழுக்க அடுப்படியில் விட்ட சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி பெருகும். அது உண்டாக்கும் நச்சு சூடாக்கினாலும் அழியாது.

வெளியே சாப்பிடும்போது

உணவங்காடியில், சோற்றோடு வேண்டிய கறிகளைத் தேர்ந்தெடுக்கும் பொருளாதாரச் சோற்றுக் கடைக்காரரிடம் "லெஸ் ரைஸ்" என்றால் ஒரு குறையும் சொல்லாமல் குறைத்துத் தருவார். இரண்டு காய், ஒரு புரதம் என்று கேட்கலாம், சாற்றைச் சோற்றின்மேல் ஊற்ற வேண்டாம் எனலாம். பிரியாணிப் பொட்டலத்தை ஒருமுறையாவது வீட்டில் பிரித்து எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. இவர் வாங்கியதில் சோறு மட்டும் 420 கிராம் இருந்தது. அதில் மூன்றிலொரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மகனுக்கும் மறுநாளுக்கும் பிரித்தார். வாழையிலைச் சாப்பாட்டில் இலை போட்டதும் காய், மீன், பிறகு ஒரே தடவை சோறு. இலையில் சோறு தீர்ந்த பிறகு அப்பளத்தோடு நிறுத்திக்கொள்வது. தே தாரிக் இருந்த இடத்தில் தே சி கோசோங், அதாவது இனிப்பில்லாத பால் தேநீர், வந்தது. முதலில் பிடிக்கவில்லை, பிறகு பழகியது. காலைத் தோசை இரண்டானது, கூட ஓர் அவித்த முட்டை.

மூன்று மாதம் கழித்து

எச்பிஏ1சி 7.3. எடை 75 கிலோ. இரவு 2 மணி நேர அளவு பெரும்பாலும் 9க்கும் 10க்கும் இடையில். மாலை நடுக்கம் திரும்ப வரவில்லை. வீட்டில் அரிசிச் செலவும் குறைந்தது.

காலை வெறும் வயிற்று அளவு மட்டும் இன்னும் 7.6இல் நிற்கிறது. படுக்கும்போது 7.4, எழும்போது 7.6. இடையில் எதுவும் சாப்பிடவில்லை என்பதால் இதற்குச் சோற்றைக் குறைசொல்ல முடியாது. விடியற்காலையில் கல்லீரல் தானே வெளியிடும் சர்க்கரையாக இருக்கலாம். மாலை மாத்திரையால் நள்ளிரவில் தாழ்ந்துவிடவில்லை என்பதை உறுதிசெய்ய, அடுத்த சந்திப்புக்கு முன் இரண்டு இரவு, படுக்கும் முன்னும் அதிகாலை 3 மணிக்கும் எழுந்தவுடனும் பார்த்துக் குறித்துவரச் சொல்லியிருக்கிறது. அந்த ஆறு எண்களைப் பார்த்துத்தான் மருந்தில் கைவைப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பார். அதுவரை இரவுச் சோறு 150 கிராமாகவே இருக்கும். மேலும் குறைக்க வேண்டாம்.